தைமஸுக்குள் டி செல்லின் பயணம்: ஒட்டு மூலக்கூறுகளை வரைந்து படிக்கும் முறை

நோய் எதிர்ப்பு வெள்ளையணுவான டி செல்லின் வளர்ச்சியைப் புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் சிடி எண்களை (செல் மேற்பரப்பு மூலக்கூறுகளுக்கு இடப்பட்ட எண்பெயர்கள்) மனப்பாடம் செய்யத் தொடங்கிப் பாதியிலேயே சோர்ந்துவிடுகிறார்கள். அந்தச் செல், டி செல்கள் முதிரும் மார்பு உறுப்பான தைமஸில் எங்கே நிற்கிறது, அங்கே எதைப் பற்றிக்கொண்டிருக்கிறது, எதை விடுகிறது என்று தாளில் வரைந்துகொண்டே படித்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

முதலில் தைமஸின் ஒரு நுண்மடலை வரையுங்கள்: வெளியே உறை, அதையடுத்துப் புறணி, நடுவில் அகணி. புறணியும் அகணியும் சந்திக்கும் எல்லையில் இரத்தக் குழாய்களை வரையுங்கள், நுழைவாயில் அதுதான்.

அடுத்து, எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் முன்னோடிச் செல்லை அந்தக் குழாய்க்குள் வையுங்கள். ஒட்டு மூலக்கூறுகளை, அதாவது செல் மற்றொன்றைப் பற்றிக்கொள்ள உதவும் மூலக்கூறுகளை, அவை பற்றும் துணையோடு எப்போதும் இணையாகவே எழுதுங்கள். குழாயின் உட்சுவரிலுள்ள பி-செலக்டின், செல்லின் பிஎஸ்ஜிஎல்-1 மூலக்கூறைப் பிடித்து வேகத்தைக் குறைக்கிறது. பிறகு செல்லின் எல்எஃப்ஏ-1, விஎல்ஏ-4 ஆகிய இன்டெக்ரின்கள் (ஒருவகை ஒட்டுப் புரதங்கள்) முறையே சுவரின் ஐகேம்-1, விகேம்-1 மூலக்கூறுகளை உறுதியாகப் பற்றுகின்றன. இங்கே சற்று நில்லுங்கள். இன்டெக்ரின் மேற்பரப்பில் இருப்பதாலேயே இறுகப் பிடித்துவிடாது. மடங்கிய நிலையில் அதன் பிடி தளர்வானது, கீமோகைன் (செல்களை ஈர்க்கும் சிறு புரதம்) தரும் சமிக்ஞை செல்லுக்குள் சென்ற பின்னரே அது நிமிர்ந்து இறுகப் பற்றுகிறது. மடங்கிய வடிவத்தையும் நிமிர்ந்த வடிவத்தையும் தாளின் ஓரத்தில் பெரிதாக வரைந்துவையுங்கள். பின்வரும் படிகளிலும் இது தேவைப்படும்.

மூன்றாவதாக, எல்லையிலிருந்து உறையை நோக்கி ஓர் அம்புக்குறி இடுங்கள். சிடி4, சிடி8 இரண்டும் இல்லாத இளம் செல்கள், புறணியின் தாங்குசெல்களிலுள்ள விகேம்-1 மூலக்கூறைப் பற்றியபடி இவ்வழியே நகர்கின்றன. சுண்டெலியில் இவை முதலில் சிடி44 மட்டும், பின்பு சிடி44-உம் சிடி25-உம், அடுத்து சிடி25 மட்டும், கடைசியில் இரண்டுமின்றி என நான்கு நிலைகளைக் கடக்கின்றன. சிடி44 பலருக்கும் வெறும் அடையாளக் குறியாகவே அறிமுகமாகிறது. உண்மையில் அது ஹயலுரோனிக் அமிலத்தைப் பற்றும் ஒட்டு மூலக்கூறு என்பதை மறக்கவேண்டாம்.

நான்காவதாக, சிடி4, சிடி8 இரண்டையும் கொண்ட செல்லைப் புறணியின் எபிதீலியச் செல்லோடு ஒட்டி வரையுங்கள். எல்எஃப்ஏ-1–ஐகேம்-1 இணையும், மனிதர்களில் சிடி2–சிடி58 இணையும் இந்தத் தொடுகைக்குத் துணைநிற்கின்றன. டி செல் ஏற்பிக்கு உரிய சமிக்ஞை கிடைக்காத செல்கள் இறந்துவிடுகின்றன. தேறியவை சிசிஆர்7 என்னும் கீமோகைன் ஏற்பியின் வழிகாட்டலில் அகணிக்குச் செல்கின்றன.

கடைசியாக வெளியேற்றம். அதுவரை சிடி69, எஸ்1பி1 என்னும் ஏற்பியைப் பிணைத்து மேற்பரப்பிலிருந்து உள்ளிழுத்து வைத்திருக்கிறது. முதிர்ந்த செல்லில் சிடி69 குறைந்ததும் எஸ்1பி1 வெளித்தோன்றி, எஸ்1பி என்னும் கொழுப்பு மூலக்கூறு மிகுந்த இரத்தத்தை நோக்கிச் செல்லைச் செலுத்துகிறது. இந்த அம்புக்குறியின் அருகே எல்-செலக்டினையும் எழுதுங்கள். நிணநீர்க் கணுவுக்குள் நுழைய அந்தச் செல்லுக்கு அடுத்துத் தேவைப்படுவது அதுவே.