'செபரேட்' என்னும் ஆங்கில வினைச்சொல்லைப் பிழையின்றிப் பயன்படுத்துவது எப்படி?

சேர்ந்தோ கலந்தோ இருப்பவற்றைத் தனித்தனியாக்குவதைக் குறிக்க ஆங்கிலத்தில் பெரிதும் வழங்கும் வினைச்சொல் 'செபரேட்'. இதன் பொருள் எளிதுதான். பிழை நேர்வதெல்லாம் இதையடுத்து வரும் முன்னிடைச்சொல்லில்தான் என்பதால், வாக்கியத்தை எழுதுமுன் எதைச் சொல்ல வருகிறோம் என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

எதிலிருந்து பிரிக்கிறோம் என்று சொல்வதானால் 'ஃப்ரம்' வரும். முட்டையின் மஞ்சள் கருவை வெள்ளைக் கருவிலிருந்து பிரிக்கச் சொல்லும்போது 'செபரேட் த யோக் ஃப்ரம் த ஒயிட்' என்கிறோம். பிரித்தபின் என்னவாக ஆகின்றன என்பதே முக்கியமானால் 'இன்டு' வரும்: 'ஷி செபரேட்டட் த சில்ட்ரன் இன்டு த்ரீ குரூப்ஸ்'. இடையில் நின்று பிரித்து வைப்பதைச் சொல்ல 'பை' வரும்: 'த டூ வில்லேஜஸ் ஆர் செபரேட்டட் பை எ ரிவர்'. இந்தக் கடைசி வாக்கியத்தில் யாரும் எதையும் பிரிக்கவில்லை, இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஆறு ஓடுகிறது என்ற நிலை மட்டுமே சொல்லப்படுகிறது.

தமிழில் தானாகப் பிரிவதற்குப் 'பிரிந்தது' என்றும், ஒருவர் பிரிப்பதற்குப் 'பிரித்தது' என்றும் இரு வடிவங்கள் உண்டு. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் 'செபரேட்டட்' என்ற ஒரே வடிவம்தான். பின்னால் செயப்படுபொருள் வருகிறதா என்று பார்த்தே பொருள் கொள்ள வேண்டும். 'தே செபரேட்டட் லாஸ்ட் இயர்' என்று தம்பதியரைப் பற்றிச் சொன்னால், சென்ற ஆண்டு முதல் அவர்கள் பிரிந்து வாழ்கிறார்கள் என்று பொருள். அதை விவாகரத்து என்று மொழிபெயர்ப்பது பெரும் பிழை. சட்டப்படி அவர்கள் இன்னும் கணவன் மனைவியாகவே இருக்கலாம். விவாகரத்துக்கு 'டைவர்ஸ்' என்ற தனிச்சொல் இருக்கிறது.

ஒரு முழுமையைப் பங்கிடுவதற்கும் கணக்கில் வகுப்பதற்கும் 'டிவைட்' என்பதே பொருந்தும். வெட்டித் துண்டிப்பதற்கும் உறவை முறிப்பதற்கும் 'செவர்' என்பது வலுவான சொல். 'பார்ட் வித்' என்றால் மனமில்லாமல் ஒரு பொருளை விட்டுக்கொடுப்பது.

உச்சரிப்பிலும் கவனம் தேவை. வினையாக வரும்போது இறுதி அசை 'ரேட்' என்று நீண்டு ஒலிக்கும்; 'தனியான' என்ற பொருளில் பெயரடையாக வரும்போது 'செப்ரட்' என்று குறுகிவிடும். எழுத்துக்கூட்டு இரண்டுக்கும் ஒன்றே. அதில் 'பி' என்ற எழுத்துக்குப் பின் 'இ' போடுவது ஆங்கிலேயரிடமும் காணப்படும் பிழை. அங்கே வர வேண்டியது 'ஏ'. 'பராரே' என்ற இலத்தீன் வேரிலிருந்தே 'ப்ரிபேர்' என்ற சொல்லும் வந்திருப்பதால், இரண்டிலும் 'பி, ஏ, ஆர்' என்ற வரிசை அப்படியே இருப்பதை ஒருமுறை எழுதிப் பார்த்தால் ஐயம் தீரும்.