முதல் வேலையிலிருந்து இரண்டாம் வேலை வரை: சென்னை இளைஞர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

கல்லூரியோ பாலிடெக்னிக்கோ முடித்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ ஒரகடத்திலோ பழைய மகாபலிபுரம் சாலையிலோ முதல் வேலையில் சேர்ந்தவரிடம் உறவினர்கள் முதலில் கேட்பது சம்பளம் எவ்வளவு என்பதை. அடுத்துக் கேட்பது அதை எதில் போடப்போகிறாய் என்பதை. இரண்டாவது கேள்விக்கு உடனே விடை தேட வேண்டியதில்லை. ஐம்பதாயிரம் ரூபாய்ச் சேமிப்புக்கு ஒரு சதவீதம் கூடுதல் வட்டி தரும் இடத்தைக் கண்டுபிடித்தால் ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுகிறது. மாதச் சம்பளம் 3,000 ரூபாய் உயர்ந்தால் ஆண்டுக்கு 36,000 ரூபாய் கூடுகிறது. ஆகவே தொடக்க ஆண்டுகளில் சேமிப்பு எதற்கென்றால், அடுத்த நல்ல வேலைக்குத் தகுதியாகும் வரை உங்களைக் கடனில் விழாமல் தாங்குவதற்குத்தான். கீழேயுள்ள படிகளின் வரிசை அந்தக் கணக்கை ஒட்டியே அமைந்திருக்கிறது.

படி 1: சம்பளத்தைப் பிரித்துப் படியுங்கள்

ஆஃபர் லெட்டரில் ஆண்டுக்கு 3 லட்சம் என்று போட்டிருந்தால் மாதம் 25,000 ரூபாய் கைக்கு வரும் என்று எண்ணிக்கொண்டு வண்டிக்கு இ.எம்.ஐ. போட்டுவிடுபவர்கள் பலர். அந்த 3 லட்சம் சி.டி.சி., அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 12,500 ரூபாய் எனக் கொள்வோம். நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி 12 சதவீதம், அதாவது 1,500 ரூபாய். பணிக்கொடைக்காக (கிராஜுவிட்டி) ஒதுக்குவது ஏறத்தாழ 600 ரூபாய். இவை இரண்டையும் கழித்தால் 22,900. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,500 ரூபாய் பிடிக்கப்பட்டால் கைக்கு வருவது ஏறத்தாழ 21,400 ரூபாய்தான். அரையாண்டுக்கு ஒருமுறை மாநகராட்சிக்கான தொழில்வரியும் பிடிக்கப்படும். மொத்தச் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுக்கான பிடித்தம் 0.75 சதவீதம்; அதற்கு ஈடாகக் குடும்பத்துக்கு மருத்துவ வசதி கிடைப்பதால், அட்டையை வாங்கி, கே.கே. நகர், அயனாவரம் ஆகிய இடங்களில் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் உங்களுக்கு எது அருகில் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

சேரும் முன்பே "முன்பணம் கட்டினால்தான் வேலை" என்று கேட்கும் இடத்திலிருந்து விலகுவதும், அசல் சான்றிதழ்களைச் சரிபார்ப்புக்குக் காட்டிவிட்டு அப்போதே திரும்பப் பெறுவதும் இந்தப் படியைச் சேர்ந்தவையே.

படி 2: பெயரை எல்லா இடத்திலும் ஒன்றாக்குங்கள்

இது சிறிய வேலையாகத் தோன்றும். ஆனால் தமிழ்ப் பெயர்களுக்கு இதில்தான் சிக்கல் அதிகம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான் உண்டு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், பான் அட்டையில் அது விரிந்து அப்பாவின் முழுப் பெயராகியிருக்கும். வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லாமலும் இருக்கலாம். வேலை செய்யும்போது இதை யாரும் கேட்க மாட்டார்கள்; அவசரத்துக்குப் பி.எஃப். பணம் கேட்டு விண்ணப்பிக்கும்போது பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். ஆகவே சேர்ந்த முதல் மாதத்திலேயே இவற்றின் நகல்களை வரிசையாக வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஆதாரை மதிப்பெண் சான்றிதழுக்கு ஏற்றபடி திருத்திவிட்டு, மற்றவற்றை ஆதாரைப் பார்த்து மாற்றுவது எளிது. பிறந்த தேதியையும் அப்படியே சரிபாருங்கள்.

பிறகு பி.எஃப். கணக்குக்கான 12 இலக்க யூ.ஏ.என். எண்ணைச் செயல்படுத்தி, நாமினியைப் பதிவுசெய்து, பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். மேற்சொன்ன கணக்கில் உங்களுடைய 1,500 முழுவதும் நிதியில் சேரும். நிறுவனத்தின் 1,500-இல், அடிப்படைச் சம்பளத்தில் 8.33 சதவீதமான 1,041 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போக, மீதி 459 ரூபாய் நிதிக்கு வரும். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டப்பட்டும் பாஸ்புக்கில் தொகை ஏறவில்லையென்றால் மனிதவளப் பிரிவில் மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டதற்குச் சான்று இராது.

படி 3: மூன்று மாதச் செலவைக் கையிருப்பாகச் சேருங்கள்

சம்பளம் வரும் கணக்கும் சேமிக்கும் கணக்கும் வேறாக இருக்கட்டும். சம்பளம் ஏறிய மறுநாளே 4,000 ரூபாய் தானாக இரண்டாவது கணக்குக்கோ, ஆர்.டி. என்னும் மாதாந்தரத் தொடர் வைப்புக்கோ மாறும்படி வங்கியில் சொல்லிவையுங்கள். மாதச் செலவு 15,000 ரூபாய் என்றால் இலக்கு 45,000, ஓராண்டுக்குள் எட்டிவிடலாம்.

வீட்டில் கொடுக்கும் பணம் பற்றிப் பெரும்பாலான நிதி ஆலோசனைகள் பேசுவதேயில்லை. நம் வீடுகளில் முதல் சம்பளத்துக்குக் காத்திருக்கும் கடன்கள் உண்டு: அக்கா கல்யாணத்துக்கு வைத்த நகை, கல்விக்கடன், அப்பாவின் கைமாற்று. மாதாமாதம் கேட்கும்போது கேட்டதைக் கொடுப்பதைவிட, அம்மாவிடம் உட்கார்ந்து பேசி, இவ்வளவு என்று ஒரு தொகையை முடிவுசெய்து, முதல் தேதியே கொடுத்துவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. அதில் ஒரு பங்கை அடகு நகையை மீட்பதற்கென்றே குறித்துவைத்தால், வட்டி குறையக் குறையக் குடும்பத்துக்கே மூச்சு விட இடம் கிடைக்கும்.

வங்கிக் கணக்கோடு இணைத்து ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சம் ஆயுள் காப்பீடும், 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடும் மத்திய அரசுத் திட்டங்களில் எடுக்கலாம். தெரிந்த முகவர் வற்புறுத்தும் சேமிப்புக் காப்பீட்டை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். ஏலச்சீட்டு போடுவதானால் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவுபெற்ற சீட்டுதானா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். தெருவில் நம்பிக்கையானவர் நடத்தும் சீட்டில் நம்பிக்கையைத் தவிர வேறு ஈடு கிடையாது.

படி 4: கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி நிறுத்தாதீர்கள்

கார்டில் 20,000 ரூபாய் பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம் எனக் கொள்வோம். வட்டி 700, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 126, ஆக 826 ரூபாய். நீங்கள் 1,000 ரூபாய் கட்டினால் அசலில் குறைவது 174 ரூபாய் மட்டுமே. முழுத் தொகையையும் கெடு தேதிக்குள் கட்ட முடியாதவர் கார்டை வாங்காமலிருப்பதே மேல். தவணை தவறினால் கடனைத் திருப்பிக் கட்டும் ஒழுங்கைக் காட்ட 300 முதல் 900 வரை அளக்கப்படும் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். ஆண்டுக்கொருமுறை முழு அறிக்கையை இலவசமாகவே பெறலாம்.

படி 5: வேலையில் இருந்தபடியே தகுதியைக் கூட்டுங்கள்

முதலில், நீங்கள் போக விரும்பும் பதவிக்கான பத்து விளம்பரங்களை எடுத்து, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் தகுதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் உங்களிடம் இல்லாத ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் படியுங்கள். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் நிறுவனமும் நடத்தும் என்.பி.டெல். இணையவழிப் பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு. பட்டமே வேண்டுமென்றால், சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களும் தகுதிச் சுற்றை முடித்துச் சேரலாம். இன்னும் கல்லூரியில் இருப்பவர்களுக்கு, தமிழக அரசு 2022 மார்ச் மாதம் தொடங்கிய நான் முதல்வன் திட்டப் பயிற்சிகள் இருக்கின்றன. முடித்தும் வேலை கிடைக்காதவர்கள், தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் வழியாக உதவித்தொகையுடன் ஓராண்டுப் பயிற்சியில் சேரலாம். சும்மா இருந்த ஓராண்டைவிட அது பயோடேட்டாவில் எவ்வளவோ மேல். வீட்டில் படிக்க இடமில்லாதவர்கள் விடுமுறை நாளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்ப் பார்க்கலாம். சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்க அங்கே தனிப் பகுதியே உண்டு.

கையிருப்பு நிறைந்த பிறகு மாதம் 500 ரூபாயில், பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் குறியீட்டு நிதியில் ஒரு எஸ்.ஐ.பி.யோ (மாதத் தவணை முதலீடு), 15 ஆண்டு பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கோ தொடங்கலாம். இந்தக் கட்டத்தில் அதைப் பற்றி இதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை.

படி 6: மாறும்போது கணக்கை முடித்துவிட்டு மாறுங்கள்

புதிய சம்பளத்தைப் பழைய சி.டி.சி.யோடு ஒப்பிடாமல், கைக்கு வரும் தொகையைக் கைக்கு வரும் தொகையோடு ஒப்பிடுங்கள். பெரம்பூரில் இருப்பவருக்குச் சிறுசேரியில் வேலை என்றால் பயணச் செலவையும், படிப்புக்கு ஒதுக்கியிருந்த மாலை நேரம் பயணத்தில் போவதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். வீடு மாறுவதானால், 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாதவரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பதை வீட்டு உரிமையாளரிடம் பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

விலகும் நாளில் பணிவிடுப்புக் கடிதம், அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை வாங்கிவிடுங்கள். புதிய நிறுவனத்தில் பழைய யூ.ஏ.என். எண்ணையே கொடுத்து பி.எஃப். நிதியை மாற்றிக்கொள்ளுங்கள். தொடர்ந்து ஐந்தாண்டுப் பணிக்காலம் நிறையுமுன் மொத்தமாக எடுத்தால் வரி வரக்கூடும், ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்தாண்டுக் கணக்கும் அறுந்துபோகும். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதிவுசெய்யாமல் விட்டுவிட்டால் மாற்றம் நின்றுபோகும். விலகி இரண்டு மாதம் கழிந்தபின் அந்தத் தேதியை நீங்களே பி.எஃப். இணையதளத்தில் உள்நுழைந்து பதிவுசெய்யலாம்.