நடந்தாலே மூச்சு வாங்குகிறதா? காரணத்தைத் தேடும் முறை

ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று போனால், முதலில் இசிஜி எடுப்பார்கள். பல நேரம் 'நார்மல்' என்று வரும். இசிஜி படுக்கவைத்து எடுப்பது. தொந்தரவோ நடக்கும்போது வருவது. அதனால் அந்தத் தாளை நம்பித் தேடலை நிறுத்திவிடக் கூடாது. மூச்சு எப்போது, எப்படி வாங்குகிறது என்பதையும், உடல் அசையும்போது அளவுகள் எப்படி மாறுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் காரணம் பிடிபடும்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுவது, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறுவது, நெஞ்சில் அழுத்தம், மயக்கம், உதடு நீலமாவது, சளியில் ரத்தம். இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் ஆராய்ச்சி வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்து, கூடவே திடீரென மூச்சு வாங்கினால் நுரையீரல் ரத்தக்குழாயை உறைந்த ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். அறுவை சிகிச்சை, பிரசவம், நீண்ட படுக்கை ஆகியவற்றுக்குப் பிறகு இதற்கு வாய்ப்பு அதிகம். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்: தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

ஒரு வாரம் கவனியுங்கள்

அவசரம் இல்லையென்றால் ஒரு நோட்டில் குறியுங்கள். சமதரையில் உங்கள் வயதுக்காரர்களோடு சேர்ந்து நடக்க முடிகிறதா, பின்தங்குகிறீர்களா? சுமார் 100 மீட்டரில் நிற்க வேண்டியிருக்கிறதா? குளித்து உடை மாற்றுவதற்கே இளைக்கிறதா? மருத்துவர்கள் தீவிரத்தை அளப்பது ஏறத்தாழ இந்தப் படிநிலைகளை வைத்துத்தான். 'ரொம்ப மூச்சு வாங்குது டாக்டர்' என்பதைவிட, 'ஆறு மாதம் முன்பு இரண்டு மாடி ஏறுவேன், இப்போது ஒரு மாடியில் நிற்கிறேன்' என்பது பத்து மடங்கு உதவும்.

நேரம் முக்கியம். வேலையை நிறுத்தி 5 முதல் 15 நிமிடத்தில் நெஞ்சு இறுகி இருமல் வந்தாலும், விடியற்காலையில் 'வீசிங்' சத்தத்தோடு எழுந்தாலும் ஆஸ்துமா பக்கம் பாருங்கள். படுத்தால் மூச்சு முட்டி, தலையணைகள் ஒன்றிலிருந்து மூன்றாகியிருந்தாலும், தூங்கி ஓரிரு மணி நேரத்தில் திணறி எழுந்து உட்கார்ந்தாலும் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும். குனிந்து கோலம் போடும்போது அரை நிமிடத்துக்குள் மூச்சு முட்டுவதும் அந்தப் பக்கம் காட்டும் குறிதான், ஆனால் தொப்பை பெரிதாக இருந்தாலும் இது வரும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் விரலால் சில விநாடி அழுத்துங்கள். குழி நின்றால் உடலில் நீர் தேங்கியிருக்கிறது. மூன்று நாளில் எடை 2 கிலோ ஏறியிருந்தாலும் அப்படித்தான்.

வறட்டு இருமலோடு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல அதிகமாகும் இளைப்புக்கு நுரையீரல் தழும்பு காரணமாகலாம். பால்கனியில் புறாக்கள் அடைகின்றனவா, கல் உடைக்கும் வேலையா (இந்தத் தூசிகளும் தழும்பை உண்டாக்கலாம்) என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். புகை பிடிக்காத பெண்களிடமும் சிஓபிடி (மூச்சுக்குழாய் நாள்பட அடைபடும் நோய்) உண்டு. பல வருடம் விறகடுப்புப் புகையில் சமைத்ததைச் சொல்லாமல் விடாதீர்கள்.

அசைந்து பார்க்கும் சோதனை

விரலில் மாட்டி ரத்த ஆக்ஸிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வேண்டும். நகப்பூச்சும் மருதாணியும் இல்லாத, குளிர்ந்திராத விரலில் மாட்டி, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு ஆக்ஸிஜன் அளவையும் நாடித்துடிப்பையும் எழுதுங்கள். ஆக்ஸிஜன் 94க்குக் கீழே இருந்தால் சோதனை வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். நெஞ்சுவலி, மயக்கம், மோசமான முட்டிவலி உள்ளவர்களும் தவிர்க்கவும்.

கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கையை ஊன்றாமல் ஒரு நிமிடம் எழுந்து எழுந்து உட்காருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். முடிந்ததும் கருவியைக் கழற்றாமல் மேலும் ஒரு நிமிடம் கையை அசைக்காமல் பாருங்கள், ஏனென்றால் மிகக் குறைந்த அளவு பெரும்பாலும் நிறுத்திய பிறகுதான் வரும். 4 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் (உதாரணமாக 97லிருந்து 93) நுரையீரலை ஆழமாகப் பார்க்க வேண்டும். நாடி தாறுமாறாகத் துடித்தால் இதயத் தாளம் கெட்டிருக்கலாம்.

அளவு இறங்காவிட்டால் நிம்மதி என்று எண்ணிவிடாதீர்கள். கருவி காட்டுவது ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜன் ஏற்றியிருக்கிறது என்பதை மட்டுமே. ஹீமோகுளோபின் 6 என்று மிகக் குறைந்துபோனவருக்கும் 98 காட்டலாம்.

எந்தச் சோதனை முதலில்

முழு ரத்த எண்ணிக்கை, இசிஜி, மார்பு எக்ஸ்ரே, கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை), தைராய்டு, சர்க்கரை. எக்கோவுக்கு (இதய ஸ்கேன்) ஓடுவதற்கு முன் இவை. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12க்கும் கர்ப்பிணிகளுக்கு 11க்கும் ஆண்களுக்கு 13க்கும் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை எழுதுவதோடு விஷயம் முடியவில்லை. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ரத்தம் எங்கே கசிகிறது என்று தேட வேண்டும்: வயிற்றுப்புண், மூலம், குடல் புற்றுநோய். இன்னொரு பொறி, 11 என்ற லேசான குறைவைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அதன் தலையில் போடுவது. அறுபது வயதில் 100 மீட்டரில் நிற்கிறார் என்றால் 11 மட்டும் போதுமான காரணம் அல்ல. அருகிலேயே இன்னொன்று ஒளிந்திருக்கலாம்.

அடுத்தது ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதி நுரையீரல் திறனை அளப்பது. உடனடி நிவாரண இன்ஹேலரை 4 முதல் 6 மணி நேரம் முன்பே நிறுத்தி, வயிறு முட்டச் சாப்பிடாமல் போங்கள். குறைந்தது 6 விநாடி விடாமல் ஊத வேண்டும். பாதியில் விட்டால் மொத்தக் காற்றின் அளவு குறைந்து பதிவாகி, முதல் விநாடியில் வரும் காற்றுக்கும் மொத்தக் காற்றுக்குமான விகிதம் நல்லதாகத் தெரியும். மூச்சுக்குழாய் அடைப்பு மறைந்துபோகும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து 15 நிமிடம் கழித்து மீண்டும் ஊத வைத்தார்களா என்று கேளுங்கள். அந்த இரண்டாவது ஊதல் இல்லாத அறிக்கை அரைகுறை. எக்ஸ்ரே தெளிவாக இருந்தும் ஆக்ஸிஜன் இறங்குகிறது என்றால் சிடி ஸ்கேன் தேவை. ஆரம்பத் தழும்பு எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம்.

எக்கோவில் '60% பம்பிங், நார்மல்' என்று வந்தாலும் இதயம் விறைத்துப்போய் உழைக்கும்போது மட்டும் திணறலாம். வயதான, பருமனான, பிபியும் சர்க்கரையும் உள்ள பெண்களிடம் இதை அடிக்கடி தவறவிடுகிறார்கள். என்டி-புரோபிஎன்பி என்ற ரத்தச் சோதனை 125க்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்புக்கு வாய்ப்பு குறைவு, ஆனால் பருமனானவர்களுக்கு இந்த அளவு குறைத்துக் காட்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பு வலியே இல்லாமல், மூச்சு வாங்கலாக மட்டும் வரலாம் என்பதால் டிரெட்மில் போன்ற உழைப்புச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். சிறுவயதில் தொண்டைவலியும் மூட்டுவீக்கமும் (வாதக் காய்ச்சல்) வந்து போன பெண்களுக்கு, கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு கூடும்போது இதய வால்வு சுருக்கம் முதன்முறையாக வெளிப்படலாம். 'கர்ப்பத்தில் இது சகஜம்' என்று வீட்டில் சொன்னாலும், படுக்க முடியவில்லை என்றால் எக்கோ எடுத்தே ஆக வேண்டும்.

மாத்திரைப் பையையும் கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் டைக்காக்ரலர் சிலருக்கு மூச்சுத்திணறல் தரும். பிபி, படபடப்பு போன்றவற்றுக்குத் தரப்படும் புரோப்ரனலால் ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாயைச் சுருக்கும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

எல்லாம் பார்த்தும் பிடிபடாவிட்டால், முகமூடி மாட்டி சைக்கிள் மிதிக்கவைத்து இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்து அளக்கும் சோதனை பெரிய மருத்துவமனைகளில் உண்டு. 'உடம்பு பழக்கமில்லை, அவ்வளவுதான்' என்ற முடிவு கடைசியில் வர வேண்டியது. அப்படிச் சொல்லப்பட்டால் தினமும் பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் 10 நிமிடம் தொடங்கி, வாரந்தோறும் சில நிமிடம் கூட்டுங்கள். 8 வாரத்தில் அதே மாடிப்படி எளிதாகவில்லை என்றால், நோட்டோடு திரும்பப் போய் முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள்.