கண்டாங்கியும் தேன்குழலும் பத்திரமாகப் போய்ச் சேர: புதிதாக ஆன்லைனில் விற்பவர்களுக்கு

வாட்ஸ்அப்பில் படம் போட்டு, நாலு பேர் ஆர்டர் கொடுத்து, பணமும் ஜிபேயில் வந்து விழுந்த பிறகுதான் பலருக்கு இதை எப்படி அனுப்புவது என்ற கேள்வியே வருகிறது. நான் காரைக்குடியில் வீட்டிலிருந்தே கண்டாங்கிச் சேலையும் பனையோலையில் முடைந்த கூடையான கொட்டானும், தீபாவளி நேரத்தில் பலகாரமும் விற்கிறேன். பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் புதிதாகத் தொடங்குகிற பெண்கள் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் இருத்திக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் பணம் கொடுத்தது உங்களிடம். கூரியர்காரர் யார் என்று அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பொருள் அவர் கைக்குப் போகிற வரை அது உங்கள் பொருள்தான், தொலைந்தால் உங்களுடையதுதான் தொலைந்தது.

படி 1: பொருளைப் பார்த்து வழியை முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் ஒரே கூரியரில் போட்டுப் பழகாதீர்கள். சேலை உடையாது, கெடாது, இரண்டு நாள் தாமதமானாலும் ஒன்றும் ஆகாது. அதற்கு ஸ்பீட் போஸ்ட் போதும். கிராமத்துப் பின்கோடு என்றால் நான் யோசிக்காமல் தபால் ஆபீசுக்குத்தான் போவேன், ஏனென்றால் சில தனியார் கூரியர்கள் பக்கத்து டவுனோடு நின்றுவிட்டு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று போன் பண்ணுவார்கள். நாடு முழுக்க ஒன்றரை லட்சத்துக்கும் மேல் தபால் நிலையங்கள், பெரும்பாலும் கிராமங்களில்தான்.

பலகாரம் வேறு கதை. அதிரசத்துக்கும் தேன்குழலுக்கும் நாள் கணக்கு முக்கியம். சென்னை, கோவை போன்ற ஊர்களுக்கு மறுநாள் அல்லது அதற்கு மறுநாள் சேர்க்கும் தனியார் கூரியர் நல்லது. வாங்குகிறவர் நேரில் வந்து எடுத்துக்கொள்ளத் தயார் என்றால் ராத்திரி பஸ்ஸில் பார்சல் போட்டுவிடலாம், காலையில் கையில் இருக்கும். ஆனால் பஸ் பார்சலுக்கு கூரியர் மாதிரி ஒவ்வொரு இடமாகப் பார்க்கிற வசதியை எதிர்பார்க்காதீர்கள், தெரிந்த ஆளுக்கு மட்டும் அப்படி அனுப்புங்கள்.

மாதம் முப்பது நாற்பது பார்சலுக்கு மேல் போக ஆரம்பித்தால், பல கூரியர்களின் விலையை ஒரே திரையில் காட்டும் ஷிப்ராக்கெட் போன்ற தளங்களைப் பார்க்கலாம். வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். ஆரம்பத்தில் அதற்கு அவசரமில்லை, பத்துப் பார்சலாவது கவுண்ட்டரில் நின்று நீங்களே போட்டுப் பாருங்கள், அப்போதுதான் எது எங்கே சொதப்பும் என்று பிடிபடும்.

கேஷ் ஆன் டெலிவரி? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். வாங்குகிறவர் கதவைத் திறக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்றால் பார்சல் திரும்பி வரும், போன கூலியோடு வந்த கூலியும் உங்கள் தலையில் விழும். பலகாரமாக இருந்தால் பொருளும் போச்சு.

படி 2: எடை மட்டும் போட்டால் போதாது

இதில்தான் முதல் ஆறு மாதம் எனக்குக் காசு போனது. பார்சல் எடையில்லாமல் பெரிதாக இருந்தால், அது வண்டியில் அடைக்கிற இடத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5000 ஆல் வகுக்க வேண்டும். வருகிற எண் கிலோ. அதுவா, தராசு காட்டுகிற எடையா, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். சில கூரியர்களில் வகுக்கிற எண் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு கிலோ தேன்குழலை 30க்கு 25க்கு 20 பெட்டியில் வைத்தேன் என்று வையுங்கள். பெருக்கினால் 15,000, வகுத்தால் 3 கிலோ. தராசில் 2.2 கிலோதான், ஆனால் 3 கிலோவுக்குக் கட்ட வேண்டும். அதையே 25க்கு 20க்கு 20 பெட்டியில் நெருக்கி அடுக்கினால் 10,000, அதாவது 2 கிலோ. அப்போது தராசு எடைக்குக் கட்டினால் போதும். கொட்டானில் இது இன்னும் பெரிதாகத் தெரியும், ஓலைக்கு எடையே கிடையாது, இடம் மட்டும்தான். அதனால் ஒன்றுக்குள் ஒன்றாக அளவு வாரியாக அடுக்கி அனுப்புங்கள். தாம்பூலத்துக்கு ஐம்பது கொட்டான் கேட்டால், நாலு அளவாக எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள், அவர்களுக்கும் கூலி குறையும்.

ஒரு சமையலறைத் தராசும் அளக்கிற டேப் ஒன்றும் வாங்கிவிடுங்கள். ஆர்டர் எடுக்கும்போதே கூலியைச் சரியாகச் சொல்ல முடியும், அப்புறம் கூட்டிக் கேட்க வேண்டியிருக்காது.

படி 3: கட்டுவது

தேன்குழல் முழுக்க ஆறிய பிறகுதான் டப்பாவுக்குள் போக வேண்டும். கை வைத்துப் பார்த்து வெதுவெதுப்பு இருந்தால்கூட விட்டுவிடுங்கள், உள்ளே ஆவி கட்டி, சேருவதற்குள் நமத்துவிடும். கவரில் போடாதீர்கள், நொறுங்கித் தூளாகத்தான் போகும். கெட்டியான வட்ட டப்பாவில் அடியில் கசக்கிய பேப்பர், ஓர் அடுக்கு தேன்குழல், மேலே வெண்ணெய்த்தாள், திரும்ப ஓர் அடுக்கு. மேலே விரல் நுழையும் இடம் இருந்தாலும் அதையும் பேப்பரால் அடையுங்கள். மூடியைச் சுற்றி டேப். அந்த டப்பாவை அட்டைப்பெட்டிக்குள் வைத்து நாலு பக்கமும் இரண்டு விரல் கனத்துக்குப் பேப்பர் திணியுங்கள். பிறகு பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து ஒரு தடவை கீழே போட்டும் பார்க்கலாம், லாரியில் அதைவிட அதிகமாகத்தான் விழும்.

சேலைக்கு இவ்வளவு பாடு இல்லை. முதலில் பிளாஸ்டிக் கவர், அதற்கு மேல் கிழியாத கூரியர் கவர். மழைக்காலத்தில் இரண்டு பிளாஸ்டிக். அவ்வளவுதான்.

படி 4: விலாசம்

எங்கள் பக்கத்தில் வீட்டு விலாசம் என்றால் குடும்பத்தின் தலைப்பெழுத்துகள். மூன்று எழுத்தைச் சொன்னால் கானாடுகாத்தானில் எந்த வீடு என்று சின்னப்பிள்ளைகூடக் கொண்டுபோய் விட்டுவிடும். பார்சல் பிரிக்கும் இடத்தில் அது செல்லாது, அங்கே பின்கோடுதான் பேசும். 1972இல் வந்த இந்த ஆறு இலக்கத்தில் முதல் மூன்றும் தபால் துறை பிரித்து வைத்திருக்கிற எந்தப் பகுதியின் பைக்குப் போக வேண்டும் என்று சொல்லும், கடைசி மூன்றும் எந்தத் தபால் நிலையம் என்று சொல்லும். ஒரு இலக்கம் மாறினால் போதும்.

எனக்கு மாறியது. தியாகராய நகருக்குப் போக வேண்டிய ஒரு கண்டாங்கி, 600 017. அவசரத்தில் பேனாவால் எழுதியதில் என் ஒன்று ஏழு மாதிரி இருந்தது. பார்சல் 600 077 என்று திருவேற்காட்டுக்குப் போய், அந்த விலாசம் அங்கே இல்லாமல், ஒரு வாரம் அங்கேயே கிடந்தது. அந்த அம்மா மகளின் வளைகாப்புக்கு வாங்கிய சேலை அது. வளைகாப்பு முடிந்த மூன்றாம் நாள்தான் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து நான் கையால் விலாசம் எழுதுவதில்லை. பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டி, மேலே ஒளி ஊடுருவும் டேப் போட்டு மூடிவிடுகிறேன், மழை பட்டாலும் மை கரையாது. அதே தாளின் இன்னொரு பிரதியைப் பெட்டிக்குள்ளும் வையுங்கள். வெளியே ஒட்டியது கிழிந்துபோனால், பிரித்துப் பார்க்கிறவருக்கு அது ஒன்றுதான் துணை.

பின்கோடை வாங்குகிறவர் சொன்னாலும் இந்தியா போஸ்ட் தளத்தில் ஒரு தடவை சரிபாருங்கள். வேறொரு போன் நம்பரும் கேட்டு வாங்குங்கள்.

படி 5: அனுப்பும்போதே சான்று சேருங்கள்

தொலைந்த பிறகு தேடினால் ஒன்றும் கிடைக்காது. கட்டும் முன் பொருளின் படம், கட்டிய பெட்டியின் ஆறு பக்கப் படம், தராசில் வைத்து எடை தெரிகிற படம், ரசீது, பணம் வந்த விவரம். எல்லாவற்றையும் ஆர்டர் நம்பர் போட்ட ஒரு போல்டரில் வையுங்கள். ஸ்பீட் போஸ்ட் ரசீதில் ஐஎன் என்று முடிகிற 13 எழுத்து எண்ணை அன்றைக்கே வாங்குகிறவருக்கு அனுப்பிவிடுங்கள். கூடவே, "பெட்டியைப் பிரிக்கும்போது ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்றும் சொல்லிவையுங்கள், உடைந்திருந்தால் இரண்டு பேருக்கும் வேலை சுலபம்.

காப்பீட்டையும் அந்த நேரத்தில்தான் முடிவு செய்ய வேண்டும். ஸ்பீட் போஸ்டில் காப்பீடு எடுக்காத பார்சல் தொலைந்தால், கட்டிய கூலியின் இரண்டு மடங்கு அல்லது 1000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் நஷ்ட ஈடு என்பது நெடுநாள் விதி. 90 ரூபாய் கூலி கட்டி அனுப்பிய 2,400 ரூபாய்ச் சேலைக்கு 180 ரூபாய் வரும். தனியார் கூரியரில் இன்னும் குறைவாகவும் இருக்கலாம், ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், ஒரு நாள் உட்கார்ந்து படித்துவிடுங்கள். என் கணக்கு இது: 1,500 ரூபாய்க்கு மேல் போனால் காப்பீடு. அதற்குக் கீழே என்றால் பார்சலுக்குப் பத்து ரூபாய் என்று ஒரு டப்பாவில் தனியாகப் போட்டுவருகிறேன், என்றைக்காவது ஒன்று தொலைந்தால் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பேன்.

படி 6: பார்சல் நகரவில்லை என்றால்

மூன்று நாள் ஒரே இடத்தில் காட்டினால் நான் எழுந்துவிடுவேன். முதல் போன் வாங்குகிறவருக்கு, கூரியருக்கு அப்புறம். அவர் கேட்பதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிட்டால் பாதிக் கோபம் வராது. எழுதத் தெரியவில்லை என்றால் இப்படி எழுதுங்கள்:

"வணக்கம் அம்மா. உங்கள் சேலை செவ்வாய்க்கிழமையிலிருந்து திருச்சியிலேயே நிற்கிறது. இன்றைக்குப் புகார் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் நகரவில்லை என்றால், வேறு சேலையா பணமா, எது வேண்டுமோ சொல்லுங்கள், நான் கொடுத்துவிடுகிறேன்."

கடைசி வரியில் தேதி இருக்க வேண்டும். "பார்க்கிறேன் அம்மா" என்று மட்டும் சொன்னால் நாளைக்குக் காலையில் திரும்பவும் போன் வரும், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

"வீடு பூட்டியிருந்தது" என்று காட்டி, ஆனால் அவர்கள் நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தார்கள் என்றால், அன்றைக்கே எழுத்தில் மறுத்துவிடுங்கள். விட்டால் பார்சல் திரும்பிவரும். "டெலிவரி ஆகிவிட்டது" என்று காட்டி கையில் வரவில்லை என்றால் முதலில் பக்கத்து வீடு, வாட்ச்மேன், கீழ்வீட்டுப் பாட்டி என்று விசாரிக்கச் சொல்லுங்கள். பாதிப் பார்சல் அங்கே கிடைத்துவிடும். இல்லையென்றால் யார் கையெழுத்துப் போட்டது, ஓடிபி சொன்னது யார் என்ற சான்றைக் கூரியரிடம் கேளுங்கள்.

தபாலுக்கு 1800 266 6868, அல்லது தளத்தில் புகார். வாயால் சொன்ன புகார் நிற்காது, எந்த நிறுவனமானாலும் புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். அனுப்பிய தேதி, எண், மதிப்பு, பெட்டியின் நிறம், உள்ளே என்ன, வெளியே என்ன ஒட்டியிருக்கிறது, எல்லாம் ஒரே மெயிலில் படத்தோடு போக வேண்டும். "பழுப்புப் பெட்டி" என்றால் ஆயிரம் இருக்கும். நான் எல்லாப் பெட்டியிலும் ஒரு மூலையில் சிவப்பு டேப் குறுக்காக ஒட்டுகிறேன், கிடங்கில் தேடுகிறவருக்கு அது கண்ணில் படும். இரண்டு தடவை அப்படித்தான் கிடைத்தது.

படி 7: தொலைந்தே போனால்

சொன்ன தேதி வந்ததும் பணத்தைத் திருப்பிவிடுங்கள், அல்லது வேறு பொருள் அனுப்புங்கள். கூரியர் நஷ்ட ஈடு தந்த பிறகு தருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சண்டை உங்களுக்கும் கூரியருக்கும் நடுவில் இருப்பது, மாதக்கணக்கில் இழுக்கும். ஆன்லைன் விற்பனைக்கான 2020 விதிகளும் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்கச் சொல்கின்றன. நாம் அவ்வளவு நாள் எடுக்க வேண்டியதே இல்லை.

கூரியர் கைவிரித்தால் விட்டுவிடாதீர்கள். 1915 நுகர்வோர் உதவி எண். வியாபாரம் செய்கிறவர் நுகர்வோர் ஆக முடியாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது, மாவட்ட ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். அங்கே போகும்போது படி 5இல் சேர்த்த போல்டர்தான் உங்கள் கையில் இருக்கும்.

திருவேற்காட்டில் கிடந்த சேலைக்கு நான் பாதிப் பணத்தைத் திருப்பி அனுப்பினேன். அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிள்ளை பிறந்து முப்பதாவது நாள் மகள் அதைக் கட்டிக்கொண்ட படத்தை அனுப்பினார். அடுத்த தீபாவளிக்கு ஐந்து கிலோ தேன்குழலும் சொல்லியிருந்தார். அந்தப் பெட்டியை மூன்று தடவை ஆட்டிப் பார்த்துத்தான் அனுப்பினேன்.