தொகுத்த விவரங்களின் சராசரியும் இடைநிலையும்: அந்த 0.5 எங்கிருந்து வருகிறது?

பிரிவுகளாகத் தொகுத்த விவரங்களுக்கு இடைநிலை காணும்போது பிரிவின் கீழ் எல்லையில் 0.5ஐக் கழிக்கிறோம். ஏன் என்று பார்க்க, 40 பேரின் மதிப்பெண்களை எடுத்துக்கொள்வோம்.

10–19: 4 பேர்
20–29: 8 பேர்
30–39: 14 பேர்
40–49: 10 பேர்
50–59: 4 பேர்

முதலில் கூட்டுச் சராசரி. கையால் போடுவதென்றால் படி விலக்க முறையே (ஒரு சராசரியை ஊகித்து, அதிலிருந்து உள்ள விலக்கங்களைச் சிறிதாக்கிக் கணக்கிடுவது) நல்லது. நேரடி முறையில் பெருக்கல்கள் பெரிதாகிப் பிழை நுழையும். மைய மதிப்புகள் 14.5, 24.5, 34.5, 44.5, 54.5. ஊகச் சராசரியாக நடுவில் உள்ள 34.5ஐ வைத்துக்கொள்வோம். விலக்கங்களை 10 ஆல் வகுத்தால் −2, −1, 0, 1, 2. நிகழ்வெண்ணோடு (அந்தந்தப் பிரிவில் எத்தனை பேர் என்பதோடு) பெருக்கினால் −8, −8, 0, 10, 8, கூடுதல் 2. சராசரி = 34.5 + (2 ÷ 40) × 10 = 35. கடைசியில் அந்த 10 ஆல் திரும்பப் பெருக்க மறந்தால் 34.55 வரும். விடை பார்க்கச் சரிபோலவே இருப்பதால் பிழை கண்ணில் படாது.

அடுத்தது இடைநிலை அளவு, அதாவது எல்லாரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான், நிதானமாகப் போவோம்.

குவிவு நிகழ்வெண்கள் (மேலிருந்து கூட்டிக்கொண்டே வந்தால் கிடைப்பவை) 4, 12, 26, 36, 40. மொத்தத்தில் பாதி 20. குவிவு நிகழ்வெண் முதன்முதலாக 20ஐத் தொடுவது அல்லது தாண்டுவது 30–39 பிரிவில். ஆனால் அதன் கீழ் எல்லை 30 அல்ல, 29.5. ஒரு பிரிவு 29இல் முடிந்து அடுத்தது 30இல் தொடங்குகிறது. நடுவே 1 அளவுக்கு இடைவெளி. இடைநிலைச் சூத்திரமோ பிரிவுகள் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொண்டுதான் கணக்கிடுகிறது. அதனால் இடைவெளியை இரண்டாகப் பிரித்து இருபுறமும் பாதி கொடுக்கிறோம்: 29.5 முதல் 39.5 வரை. நீளம் 10. (39இலிருந்து 30ஐக் கழித்து 9 என்று எழுதுவதும் இதே பிழையின் இன்னொரு முகம்.)

முந்தைய பிரிவு வரை 12 பேர் வந்துவிட்டார்கள். 20ஐ எட்ட இன்னும் 8 பேர் வேண்டும். இந்தப் பிரிவில் இருப்பவர்கள் 14 பேர். ஆக, இடைநிலை = கீழ் எல்லை + (இன்னும் வேண்டியவர்கள் ÷ பிரிவில் இருப்பவர்கள்) × நீளம் = 29.5 + (8 ÷ 14) × 10 = 35.21. 12க்குப் பதில் இதே பிரிவின் 26ஐப் போட்டால் 25.21 வரும். விடை பிரிவுக்கு வெளியே விழுந்தாலே எங்கோ தவறு. இந்தச் சோதனையை ஒருபோதும் விடாதீர்கள்.

எக்செல் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று: மைய மதிப்புகளின் நெடுவரிசையை மட்டும் மீடியன் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் 34.5 வரும். நிகழ்வெண்களை அது கண்டுகொள்வதே இல்லை. ஐந்து எண்களில் நடு எண்ணைத்தான் சொல்கிறது. சராசரிக்கு, பெருக்கிக் கூட்டித் தரும் சம்ப்ராடக்ட் ஃபங்ஷனின் விடையை 40 ஆல் வகுத்தால் போதும். இடைநிலைக்குச் சூத்திரத்தை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

கடைசிப் பிரிவு '50க்கு மேல்' என்று திறந்திருந்தால் அதற்கு மைய மதிப்பே கிடையாது; ஊகித்து ஒன்றைப் போட்டாலொழிய சராசரி வராது. இடைநிலை அளவுக்குச் சிக்கல் இல்லை, அந்தப் பிரிவிலேயே அது விழாதவரை.

பின்சேர்க்கை: இதே அட்டவணை மதிப்பெண்ணாக இல்லாமல், நிறைவடைந்த ஆண்டுகளில் எழுதிய வயதாக இருந்தால் 0.5ஐக் கழிக்கக் கூடாது. 29 வயது என்பவர் 30ஐத் தொடும் முந்தைய நாள் வரை 29தான். எனவே 30–39 என்பதன் மெய் எல்லைகள் 30, 40. மைய மதிப்பு 35. சராசரி 35.5, இடைநிலை 35.71.