அம்மா அப்பாவ ஜெர்மனிக்கு அனுப்பணுமா, ஷெங்கன் விசா ஃபைல் எப்படி ரெடி பண்றதுன்னு சொல்றேன்

என் தம்பி ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை பாக்குறான். அவனுக்கு பொண்ணு பொறந்ததும் அம்மா அப்பாவ ஒரு தடவ கூட்டிட்டுப் போயிரணும்னு 2023-ல விசா போட்டோம், ரிஜெக்ட் ஆகிருச்சு. அம்மா ரெண்டு நாள் சரியா சாப்பிடல, பேத்திய வீடியோ கால்லயே பாத்துக்குறேன் விடுங்கப்பான்னு சொல்லிட்டாங்க. 2025-ல மறுபடியும் போட்டோம், கெடச்சிருச்சு. ரெண்டு தடவையும் அதே ஆளுங்க தான், அதே நெலம், அதே பென்ஷன், மாறுனது ஃபைல் மட்டும் தான். அதனால தான் இத இவ்ளோ விரிவா எழுதுறேன், நம்ம ஊருப்பக்கம் நெறைய வீட்ல இதே கதை நடக்குது.

மொதல்ல ஒரு விஷயம் மனசுல வாங்கிக்கோங்க. விஎஃப்எஸ்னு ஒரு தனியார் கம்பெனி இருக்கு, அந்த சென்டர்ல உக்காந்து பேப்பர் வாங்குறவங்க விசா குடுக்குறவங்க இல்ல, அவங்க வாங்கி கைரேகை போட்டோ எடுத்து அனுப்பி வைக்கிறவங்க. முடிவு பண்ற ஆஃபீசர் பெரும்பாலும் உங்க அப்பாவ நேர்ல பாக்கவே மாட்டார், அப்பா எவ்ளோ நேர்மையான மனுசன்னு அவருக்குத் தெரியாது, அவர் கைல இருக்கறது அந்தப் பேப்பர் கட்டு மட்டும் தான். அதப் படிச்சா ரெண்டு கேள்விக்கு பதில் கெடைக்கணும், எதுக்குப் போறாங்க, போனா எதுக்காகத் திரும்பி வருவாங்க. முதல் கேள்விக்கு எல்லாரும் பதில் வெச்சிருவாங்க, ரெண்டாவதுல தான் அடி வாங்குறோம்.

ஷெங்கன்னா ஒரே விசால போயிட்டு வரக்கூடிய ஐரோப்பிய நாடுங்க, இப்போதைக்கு 29 நாடு. ஸ்விட்சர்லாந்து, நார்வே எல்லாம் ஐரோப்பிய யூனியன்ல இல்லன்னாலும் இதுல உண்டு, லண்டனும் அயர்லாந்தும் கிடையாது, அதுக்கு தனி விசா. எந்த நாட்டு கிட்ட அப்ளை பண்ணணும்னா, எந்த நாட்டுல அதிக நாள் தங்குறீங்களோ அங்க. நாள் சமமா இருந்தா முதல்ல எங்க எறங்குறீங்களோ அங்க. பையன் ஜெர்மனில இருக்கான், ஆனா வேற நாட்டுல அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கெடைக்குதுன்னு அங்க போடாதீங்க, ப்ளான் ஒண்ணு பேப்பர் ஒண்ணுன்னு ஆயிரும்.

எப்ப போடணும்னா, பயணத்துக்கு 6 மாசம் முன்னாடில இருந்து போடலாம், கடைசியா 15 நாளைக்கு முன்னாடி வரைக்கும். முடிவு சொல்ல 15 நாள்னு விதி இருக்கு, தேவைப்பட்டா 45 நாள் வரைக்கும் இழுக்கலாம்னும் அதே விதில இருக்கு. மூணு மாசம் கைல வெச்சு போடுங்க. ஆனா அதுக்கும் முன்னாடி ஆரம்பிக்க வேண்டிய வேலை ஒண்ணு ஜெர்மனில இருக்கு.

அது ஃபெர்ப்ஃளிஷ்டுங்ஸ்எர்க்ளேருங்னு ஒரு பேப்பர். "இவங்க இங்க இருக்கற வரைக்கும் செலவுக்கு நான் பொறுப்பு"ன்னு பையனோ பொண்ணோ அங்க வெளிநாட்டவர் ஆஃபீஸ்ல சம்பள ஸ்லிப் காட்டி எழுதிக் குடுக்கறது, 29 யூரோ ஃபீஸ். இதுக்கு அங்க அப்பாயின்ட்மென்ட் கெடைக்கவே சில ஊர்ல வாரக்கணக்குல ஆகும், என் தம்பிக்கு அஞ்சு வாரம் ஆச்சு. ஒரிஜினல் கூரியர்ல இந்தியாவுக்கு வரணும், ஸ்கேன் காப்பி போதாது. இது சும்மா சம்பிரதாயப் பேப்பர் இல்ல, அப்பாவுக்கு அங்க அரசாங்கம் ஏதாவது செலவு பண்ண வேண்டி வந்தா பையன் கிட்ட தான் வசூல் பண்ணுவாங்க, அதப் புரிஞ்சுக்கிட்டு கையெழுத்து போடச் சொல்லுங்க. இது கூட இன்விடேஷன் லெட்டர், பையனோட பாஸ்போர்ட் காப்பி, ரெசிடென்ஸ் பெர்மிட் காப்பி, அவன் உங்க பையன் தான்னு காட்ட பர்த் சர்டிபிகேட். நம்ம பாஸ்போர்ட் கடைசி பக்கத்துல அப்பா அம்மா பேர் இருக்கும்ல, அந்தப் பக்கத்தையும் காப்பி எடுத்து வைக்கச் சொல்லுங்க.

இந்தப் பேப்பர் இருந்தா மத்ததெல்லாம் எதுக்குன்னு 2023-ல நாங்க நெனச்சோம், அதான் தப்பு. அது செலவுக்கு தான் பதில், திரும்பி வர்றதுக்கு பதில் இல்ல.

இப்ப பணம். அப்பா அக்கவுன்ட்ல பேலன்ஸ் கம்மியா இருக்கேன்னு 2023-ல தம்பி நாலு லட்சம் அனுப்பி விட்டான், விசா போடறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. ஸ்டேட்மென்ட்ல பாத்தா மாசாமாசம் உர கடைக்கு, கூலிக்கு, சிலிண்டருக்குன்னு சின்ன சின்ன தொகையா போயிட்டு இருக்கு, திடீர்னு ஒரு நாள் நாலு லட்சம் வந்து நிக்குது, அதுக்கு ஒரு வரி விளக்கம் கூட நாங்க எழுதல. அதே சமயம் அம்மா ரிட்டயர்டு டீச்சர், மாசாமாசம் பென்ஷன் வேற ஒரு பேங்க் அக்கவுன்ட்ல வருது, அந்த ஸ்டேட்மென்ட்ட வைக்கவே இல்ல. எதக் காட்டக் கூடாதோ அதக் காட்டி, எதக் காட்டணுமோ அத வீட்டு பீரோல வெச்சிட்டுப் போனோம். பெரிய தொகைய விட ஒழுங்கா வர்ற சின்ன தொகைக்கு தான் மதிப்பு. கடைசி 3 மாச ஸ்டேட்மென்ட் கேக்குறாங்க, நாங்க ரெண்டாவது தடவ 6 மாசத்துக்கு பேங்க் சீல் கையெழுத்தோட வெச்சோம், பென்ஷன் ஆர்டர் காப்பியும் வெச்சோம். பையன் பணம் அனுப்புனா தப்பில்ல, ஆனா அத மறைக்காம கவர் லெட்டர்ல, அதாவது ஃபைல் கூட ஆஃபீசருக்கு நாமளே எழுதி வைக்கற விளக்க லெட்டர்ல, சொல்லிருங்க.

விவசாயிங்க வீட்ல இருக்கற பெரிய குழப்பம் இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன். செக்லிஸ்ட்ல கேப்பாங்க, அப்பா கட்டவே இல்லயேன்னு பயந்து யாராவது ஆடிட்டர் கிட்ட போயி அவசரமா ஒண்ணு போட்டு வாங்குவாங்க. வேண்டாம். விவசாய வருமானத்துக்கு நம்ம நாட்டுல வருமான வரி கிடையாது, அத ஒரு வரில எழுதுங்க. அதுக்கு பதிலா பட்டா சிட்டா, அடங்கல், இ-சேவைல எடுக்கற தாசில்தார் வருமான சான்றிதழ், நெல்லு போட்ட பணம் அக்கவுன்ட்ல ஏறுன தேதில ஸ்டேட்மென்ட்ல ஒரு பென்சில் குறி. சிட்டா அடங்கல் எல்லாம் தமிழ்ல தான் இருக்கும், அத அப்படியே வெச்சா அங்க யாரு படிப்பா, இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து நோட்டரி சீல் வாங்கி ஒரிஜினல் காப்பியோட சேத்து பின் பண்ணுங்க. 2023-ல நாங்க மொழிபெயர்க்காம தான் வெச்சோம், மூணு ஏக்கர் நெலம் அந்த ஆஃபீசர் கண்ணுல படவே இல்லன்னு தான் நெனைக்கிறேன்.

அடுத்தது பேர், இது நம்ம தமிழ் ஆளுங்களுக்கே உரிய சிக்கல். பாஸ்போர்ட்ல இனிஷியல் விரிஞ்சு முழுப்பேரா இருக்கும், பேங்க்ல ஒரு எழுத்து இனிஷியல், ஆதார்ல இனிஷியல் பின்னாடி, பட்டால தாத்தா பேர் முன்னாடி. நமக்கு எல்லாம் ஒரே ஆளுன்னு பாத்ததும் தெரியும், குடும்பப் பேர் வெச்சிக்கிற ஊர்ல இருந்து வர்ற ஆஃபீசருக்கு அது நாலு வேற வேற ஆளு. எல்லா பேப்பரையும் தரையில பரப்பி வெச்சு பேர் எப்படி எப்படி இருக்குன்னு எழுதிப் பாருங்க, வித்தியாசம் இருந்தா இதெல்லாம் ஒரே ஆளு தான்னு நோட்டரி கிட்ட ஒரு அஃபிடவிட் வாங்கி வைங்க, செலவு கம்மி. ஃபார்ம்லயும் டிக்கெட்லயும் இன்சூரன்ஸ்லயும் பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே, ஒரு எழுத்து மாறாம. சர்நேம் கட்டம் பாஸ்போர்ட்ல காலியா இருந்தா நாமளா ஒரு சர்நேம் உருவாக்க வேண்டாம்.

பாஸ்போர்ட் பத்தி சொல்லிருறேன், 10 வருஷத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும், திரும்பி வர்ற தேதில இருந்து இன்னும் 3 மாசமாவது உயிர் இருக்கணும், ரெண்டு பக்கம் காலி இருக்கணும். போட்டோ 35க்கு 45 மில்லிமீட்டர், ஸ்டூடியோல ஷெங்கன்னு சொன்னா எடுத்துக் குடுப்பாங்க.

கவர் லெட்டர தான் நான் ரொம்ப முக்கியமா சொல்லுவேன். நெட்ல கெடைக்கற மாதிரி லெட்டர காப்பி அடிக்காதீங்க, நம்ம கதைய நேரா சொல்லுங்க. 2023-ல நாங்க 85 நாள் கேட்டோம், போறதே போறாங்க நல்லா இருந்துட்டு வரட்டுமேன்னு. ஆனா விவசாயம் பண்றவரு மூணு மாசம் வெளியூர்ல இருந்தா வயல யாரு பாத்துக்குறாங்கன்னு ஒருத்தர் யோசிக்கத் தான் செய்வார். 2025-ல ஏப்ரல் 12 டு மே 20, 39 நாள் மட்டும் கேட்டோம். சம்பா அறுவடை முடிஞ்சிருச்சு, இப்ப வயல்ல வேலை இல்ல, மேட்டூர் அணை வழக்கமா ஜூன் 12-ல திறப்பாங்க, அதுக்கு முன்னாடி குறுவைக்கு நாத்தங்கால் வேலை இருக்கு அதனால மே 20-க்குத் திரும்பணும், அந்த 39 நாளும் மாட்டையும் வீட்டையும் பக்கத்துல இருக்கற சித்தப்பா பாத்துக்குவார், அப்படின்னு எழுதுனோம். அம்மாவுக்கு மாசா மாசம் சுகர் செக்கப் இருக்கு, அதையும் எழுதுனோம். முதல் தடவ ரிஜெக்ட் ஆனதையும் மறைக்காம, அப்ப எந்தப் பேப்பர் வைக்கலன்னு சொல்லி இப்ப வெச்சிருக்கோம்னு எழுதுனோம். மொத்தம் ஒண்ணரை பக்கம் தான். இது தான் காப்பாத்துச்சுன்னு நான் நம்புறேன்.

டிக்கெட் விசா வர்றதுக்கு முன்னாடி காசு கட்டி எடுக்காதீங்க, ரிசர்வேஷன் வெச்சா போதும். இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோ கவர், எல்லா ஷெங்கன் நாட்டுக்கும் செல்லணும், எறங்குற நாள்ல இருந்து கெளம்புற நாள் வரைக்கும் ஒரு நாள் கூட விடாம இருக்கணும். வயசானவங்களுக்கு ஏற்கனவே இருக்கற சுகர் பிரஷர கவர் பண்ணுதான்னு பாலிசிய முழுசா படிங்க, விசாவுக்காக இல்ல, அங்க ஒரு நாள் ஆஸ்பத்திரில படுத்தாலே பில் தாங்காது.

விசா ஃபீஸ் 2024 ஜூன்ல இருந்து பெரியவங்களுக்கு 90 யூரோ, சென்டரோட சர்வீஸ் சார்ஜ் தனி. ரிஜெக்ட் ஆனாலும் திரும்பி வராது. அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தர்றேன்னு தலைக்கு அஞ்சாயிரம் கேக்குற ஆளுங்க இருக்காங்க, எங்க கிட்டயும் ஒருத்தர் கேட்டார், குடுக்கல, நாங்களே தினமும் காலைல வெப்சைட்ட தொறந்து பாத்து எடுத்தோம். அதே ஆளு பேங்க் ஸ்டேட்மென்ட் கூட "ரெடி பண்ணி" தர்றேன்னார். அந்தப் பக்கமே போயிராதீங்க. பொய் பேப்பர்னு கண்டுபிடிச்சா அதுக்குன்னே ரிஜெக்ஷன் தாள்ல ஒரு கட்டம் இருக்கு, அந்த ரெகார்டு 5 வருஷம் எல்லா ஷெங்கன் நாட்டுக்கும் தெரியும்.

ரிஜெக்ட் ஆனா அந்தத் தாள தூக்கிப் போட்டுறாதீங்க, எந்தக் கட்டத்துல டிக் போட்ருக்காங்கன்னு பாருங்க, அது தான் அடுத்த ஃபைலுக்கு வழி. எங்களுக்கு டிக் போட்டது திரும்பிப் போவாங்கன்னு உறுதியா தெரியலங்கற கட்டம். ஜெர்மனிக்கு முன்னாடி எல்லாம் கான்சுலேட்டுக்கே ஒரு மறுபரிசீலனை லெட்டர் எழுதலாம், 2025 ஜூலை 1-ல இருந்து அத நிறுத்திட்டாங்க, இப்ப ஒண்ணு பெர்லின்ல கோர்ட்டுக்குப் போகணும், இல்லன்னா ஓட்டைய அடைச்சு புதுசா போடணும். நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ரெண்டாவது தான் சரி.

விசா வந்ததும் ஸ்டிக்கர நிதானமா படிங்க. எங்க ஸ்டிக்கர்ல ஏப்ரல் 12 டு ஜூன் 4-ன்னு தேதி இருந்துச்சு, தம்பி உடனே அப்போ ஜூன் 4 வரைக்கும் இருக்கலாம்னு குஷியாயிட்டான். இல்ல, அதுக்குக் கீழ தங்குற நாள் 39-ன்னு இருக்கு, அது தான் கணக்கு, மிச்சம் 15 நாள் ஃபிளைட் தள்ளிப் போனா தேதி மாத்திக்கறதுக்கு. எறங்குற நாளும் ஏறுற நாளும் ரெண்டுமே கணக்குல சேரும். 2025 அக்டோபர் 12-ல இருந்து பார்டர்ல பாஸ்போர்ட்ல முத்திரை குத்துறதுக்கு பதிலா கைரேகை போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்துற முறைய படிப்படியா கொண்டு வந்தாங்க, அதனால ஒரு நாள் கூடுனாலும் தானா தெரிஞ்சிரும். ஒழுங்கா போயிட்டு வந்தா நல்லதும் இருக்கு, 2024 ஏப்ரல்ல இந்தியர்களுக்குன்னு ஒரு விதி கொண்டு வந்தாங்க, 3 வருஷத்துல ரெண்டு விசா சரியா பயன்படுத்தியிருந்தா அடுத்து 2 வருஷ மல்டிபிள் என்ட்ரி, அதாவது பல தடவ போயிட்டு வர்ற விசா, கெடைக்க வாய்ப்பு இருக்கு.

கடைசியா, விசா இருந்தாலும் இமிகிரேஷன்ல கேள்வி கேப்பாங்க. இன்விடேஷன், அந்த பொறுப்புப் பேப்பரோட காப்பி, இன்சூரன்ஸ், ரிட்டர்ன் டிக்கெட், தம்பி வீட்டு அட்ரஸ் போன் நம்பர், எல்லாத்தையும் கைப்பையில வைங்க, பெரிய சூட்கேஸ்ல போட்டு லக்கேஜ்ல ஏத்திறாதீங்க. இங்கிலீஷ் வராதவங்கன்னா எங்க போறோம், யாரப் பாக்க, எப்ப திரும்புறோம்னு ஒரு தாள்ல பெருசா எழுதிக் குடுத்துருங்க. அப்பா ஃபிராங்க்ஃபர்ட்ல அந்தத் தாள நீட்டினார், ஆஃபீசர் படிச்சிட்டு "ட்வென்ட்டி மே?"-ன்னு கேட்டாராம், அப்பா "யெஸ் சார், பேடி"-ன்னு (நெல்லத் தான் இங்கிலீஷ்ல) சொன்னாராம், முத்திரை குத்திக் குடுத்துட்டார்.