'உதவி'ன்னு டைப் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

போன வாரம் எங்க பத்திரிகை டெஸ்க்ல புதுசா சேர்ந்த தம்பி ஒரு செய்தி எழுதிக் கொண்டு வந்தான். "2022-ல இலங்கைக்கு இந்தியா 4 பில்லியன் டாலர் நன்கொடை." எனக்கு சிரிப்பும் வந்துச்சு, வயிறும் எரிஞ்சுச்சு, ஏன்னா அந்த வருஷம் அதே வரியை எழுதி வாங்கிக் கட்டிக்கிட்டவன் நானு. நாட்டுப் பேரு, தலைநகர், கரன்சி எல்லாம் தப்பா எழுதுறதைப் பத்தி இங்க பேசப்போறதில்ல, அதையெல்லாம் ப்ரூஃப் பாக்குறவரு பாத்துக்குவாரு. மத்த நாடுகளுக்குப் போற உதவி, ஒப்பந்தம் பத்தின செய்தியில நாம பண்ற தப்புகதான் கீழ.

கையெழுத்தானா அமலுக்கு வந்தாச்சுன்னு எழுதறது

ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது 2022 ஏப்ரல் 2, அமலுக்கு வந்தது டிசம்பர் 29. நடுவுல கிட்டத்தட்ட ஒன்பது மாசம் பழைய வரிதான்.

கடனை எல்லாம் தானம்னு எழுதறது

இதைத்தான் கொஞ்சம் நின்னு பேசணும். அந்த 4 பில்லியனைப் பிரிச்சுப் பாருங்க. ரிசர்வ் பேங்க் குடுத்த 400 மில்லியன் கரன்சி ஸ்வாப் (அவங்க பணத்தை வாங்கிக்கிட்டு தற்காலிகமா டாலர் குடுக்குறது), எரிபொருள் வாங்க எக்சிம் பேங்க்கோட (ஏற்றுமதி இறக்குமதிக்கான நம்ம அரசு வங்கி) 500 மில்லியன் கடன், சாப்பாடு மருந்து வாங்க ஸ்டேட் பேங்க்கோட 1 பில்லியன் கடன், அப்புறம் ஆசிய கிளியரிங் யூனியன்ல (ஆசிய நாடுகள் தங்களுக்குள்ள வர்த்தகக் கணக்கைத் தீர்த்துக்கற அமைப்பு) இலங்கை கட்டவேண்டிய பாக்கிக்கு குடுத்த அவகாசம், அதுவே பெரிய தொகை. இதுல எது தானம்? ஸ்வாப்பை திருப்பணும், கடனை வட்டியோட கட்டணும், அவகாசம்னா பாக்கி இன்னும் அப்படியே இருக்குன்னு அர்த்தம். சும்மா குடுத்த அரிசி, மருந்தெல்லாமும் போச்சு, தமிழ்நாடு அரசு சென்னையில இருந்து கப்பல்ல அனுப்பினதும் அதுல சேர்த்தி, ஆனா இந்த மொத்தத்துக்கு முன்னாடி அது சின்ன தொகை.

நான் என்ன பண்ணேன், எல்லாத்தையும் கூட்டி "வாரி வழங்கியது"ன்னு அரைப்பக்கத்துக்கு படம் போட்டேன். காலையில இலங்கை வவுனியாவுல இருந்து ஒரு வாசகர் போன். "தம்பி, வாரி வழங்கினதெண்டால் நாங்கள் ஏன் திருப்பிக் கட்ட வேணும்?" எனக்கு பதில் வரல. மறுநாள் திருத்தம் போட்டோம், ஆறு மாசம் வெளியுறவு பக்கத்துல என்னை விடல. இன்னைக்கும் அந்த வார்த்தையைப் பாத்தா எரிச்சலா வருது.

அதுக்கப்புறம்தான் உக்காந்து படிச்சேன். லைன் ஆஃப் கிரெடிட்னு எழுதுறோமே, அதாவது இவ்வளவு வரைக்கும் வாங்கிக்கலாம்னு திறந்து விடுற கடன், அதுல பெரும்பாலும் பணம் அந்த நாட்டு கஜானாவுக்குப் போறதே இல்ல. அவங்க நம்ம ஊர் கம்பெனிகிட்ட சரக்கு வாங்குவாங்க, எக்சிம் பேங்க் நேரா அந்த கம்பெனிக்கு காசு குடுக்கும், அந்த நாடு பேங்க்குக்கு தவணை கட்டும், வட்டி குறைவா இருக்க நம்ம அரசு கை குடுக்கும். பொதுவா ஒப்பந்தத்துல 75 சதவீதம் சரக்கும் சேவையும் இந்தியாவுல இருந்தே வாங்கணும்னு விதி. அதனால அது அவங்களுக்கு உதவி, நமக்கு ஏற்றுமதி, ரெண்டும்தான். அதை மட்டமா சொல்லல, டாலர் கையில இல்லாம பெட்ரோலுக்கு வரிசையில நின்னவனுக்கு அந்தக் கடனும் உசுருதான். ஆனா கடனைக் கடன்னு எழுதுங்கப்பா.

சந்தேகமா இருந்தா இதைப் பாருங்க: 2023-ல இலங்கை கடனை மறுசீரமைக்க கடன் குடுத்த நாடுகள் சேர்ந்து கமிட்டி போட்டப்ப பிரான்ஸ், ஜப்பானோட இந்தியாவும் இணைத்தலைவர். தானம் குடுத்தவன் அந்த நாற்காலியில ஏன் உக்காரப்போறான்?

அறிவிச்ச தொகையும் செலவான தொகையும் வேற வேற, அதையும் சேர்த்துக்கோங்க. வங்கதேசத்துக்கு 2017-ல 4.5 பில்லியன் கடன் அறிவிச்சாங்க, "கொடுத்தது"ன்னு தலைப்பு போட்டோம், வருஷக்கணக்கா அதுல சின்ன பங்குதான் வெளிய வந்துச்சு.

பட்ஜெட்ல பேரை மட்டும் பாக்குறது

செய்தியில மாலத்தீவும் இலங்கையும் அடிபடும், நம்ம பட்ஜெட்டோட வெளிநாட்டு உதவியில வருஷா வருஷம் முதலிடம் பூட்டானுக்கு. 2024-25-க்கு ஒதுக்கினது 2,068 கோடி, அதுலயும் கிரான்ட் (திருப்ப வேண்டாத பணம்), கடன் ரெண்டும் கலந்து இருக்கு. பிரிச்சு எழுதுங்க.

முதலீட்டு வாக்குறுதியை காசா எண்றது

சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிச்சென்ஸ்டைன் நாலும் சேர்ந்த இஎஃப்டிஏங்கிற வர்த்தகக் கூட்டமைப்போட இந்தியா போட்ட ஒப்பந்தத்துல, இங்க வரவேண்டிய முதலீடா 100 பில்லியன் டாலர்னு ஒரு நம்பர் இருக்கு. 15 வருஷத்துக்கான இலக்கு அது. "கொட்டுது"ன்னு எழுதாதீங்க.

கூட்டறிக்கையோட முதல் பாராவோட நிறுத்திக்கறது

கடைசி பக்கம் வரைக்கும் போங்க.

பயந்துபோய் எல்லாத்தையும் கடன்னு எழுதறது

இது புதுசு. நான் திட்டினதுக்கு மறுநாளே அந்தத் தம்பி "இந்தியக் கடனில் இலங்கை வடக்கு கிழக்கில் 46,000 வீடுகள்"னு எழுதிக் கொண்டுவந்தான். அட பாவி, அது முழுக்க கிரான்ட்டுடா, மலையகத்துல கட்டின 4,000 வீடும் சேர்த்து 50,000, ஒரு பைசா திருப்ப வேண்டியதில்ல. அங்கதான் நன்கொடைன்னு தைரியமா எழுதணும். "அண்ணே, நேத்து வேற மாதிரி சொன்னீங்களே"ன்னு முழிக்கிறான்.